தொடாத பேனாவும் நெடுங்கரட்டூர் விக்கலும்

எங்கள் நெடுங்கரட்டூரில் யாருக்காவது விக்கல் எடுத்தால் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் மணி பார்ப்பார்கள், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை விக்கல், இடையில் நின்று மறுபடி வந்ததா என்று துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வார்கள், அதற்குப் பிறகுதான் தண்ணீர். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்து எங்களை ஒரு மாதிரியாக நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், அவர்கள் ஊரில் பொங்கியண்ணனும் இல்லை, அவருடைய கல்யாணத் தகவல் மையமும் இல்லை, அங்கே சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிற நாற்பத்து மூன்று இஞ்ச் டச் ஸ்கிரீனும் இல்லை, அந்த ஸ்கிரீனைத் தொடாமலே வேலை செய்கிற பேனாவும் இல்லை.

மையத்தின் சாஃப்ட்வேர் மௌஸ் இருந்த காலத்தில் எழுதியது. பெண்ணும் மாப்பிள்ளையுமாக எண்ணூறு பேரின் படங்கள் அதில் வரிசையாக நிற்கும்; மௌஸின் அம்புக்குறியைக் கொண்டுபோய் ஒரு படத்தின் மேல் சும்மா நிறுத்தினால் பக்கத்தில் மஞ்சளாக ஒரு சீட்டு விரியும், வயது, உயரம், ராசி, நட்சத்திரம், வேலை, எதிர்பார்ப்பு எல்லாம் அதில் இருக்கும், அம்பை நகர்த்தினால் சீட்டு மறைந்துவிடும், பார்த்தது யாருக்கும் தெரியாது. ஆனால் படத்தை அமுக்கிவிட்டால் போச்சு, அப்போது யாருடைய கணக்கு திறந்திருக்கிறதோ அவர் பெயரில், 'இன்னார் தங்கள் மீது விருப்பம் தெரிவித்துள்ளார்' என்று அந்த வீட்டு போனுக்குச் செய்தி போய்விடும், போனது போனதுதான், திரும்பக் கூப்பிட வழி கிடையாது. பார்ப்பது வேறு விரும்புவது வேறு என்று அந்த அம்புக்குறிக்குத் தெரிந்திருந்தது.

விரலுக்கு அது தெரியாது. மூடிப்போன ஒரு துணிக்கடையிலிருந்து அந்த டச் ஸ்கிரீனைப் பொங்கியண்ணன் ஆசைப்பட்டு வாங்கி வந்து, சந்தனம் குங்குமம் வைத்து மாட்டி, மௌஸைப் பரணில் தூக்கிப் போட்ட அன்றைக்கே கூத்து ஆரம்பித்தது. பெண்ணுக்கு என்ன வயது என்று பார்க்க விரல் வைத்தவர்கள் எல்லோரும் விருப்பம் தெரிவித்தவர்கள் ஆனார்கள். சென்னியப்பன் என்கிற ஒரு சாதுவான மனிதர் தன் கணக்கைத் திறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில், ஸ்கிரீனில் தூசியாக இருக்கிறதே என்று பொங்கியண்ணன் தோள் துண்டை எடுத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே இழுப்பாகத் துடைக்க, டீ ஆறுவதற்குள் சென்னியப்பன் பதினேழு பெண்கள்மேல் விருப்பம் தெரிவித்திருந்தார். பதினைந்து வீட்டார் மறுத்துவிட்டார்கள், மீதி இரண்டு வீட்டார் ஒரே நாளில் ஒரே நேரத்தில் பழத்தட்டோடு அவர் வாசலில் வந்து இறங்கினார்கள், அவர் பின்பக்கக் கதவு வழியாகப் பொள்ளாச்சியில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனவர், தீபாவளிக்குத்தான் திரும்பி வந்தார்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது கோகிலவாணி. பதினோரு வருடமாக மையத்தில் எல்லா வேலையும் அவள்தான். முப்பத்தைந்து வயது, வாய் துடுக்கு, கை சுத்தம். மையத்தில் ஆல்பம் மட்டும் இருந்த காலத்தில் அவள் படமும் அதில் இருந்தது, ஏழு வீட்டார் வந்து பார்த்து, பஜ்ஜி சாப்பிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள், ஏழாவது வீட்டார் போகும்போது பஜ்ஜியில் உப்பு கம்மி என்றும் சொன்னார்கள், மறுநாள் காலையில் அவளே தன் படத்தை ஆல்பத்திலிருந்து உருவி மேசை டிராயரில் ஸ்டேப்ளருக்கு அடியில் போட்டுவிட்டாள். பிறகு சாஃப்ட்வேர் போட வந்தவர் சோதித்துப் பார்க்க ஒரு பெயர் கேட்டபோது தன் பெயரைக் கொடுத்தாள். படம் இல்லாத அந்தச் சோதனைக் கணக்கு வருகிறவர்கள் கண்ணில் படாது, அவள் மட்டும் தினமும் காலையில் எல்லாம் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு அதைத் திறந்து மூடுவாள்.

அவள் கோயமுத்தூர் போய், கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ஒரு கடையில், "ஏனுங்க, தொடாமத் தொடறதுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். கடைக்காரர் சிரிக்காமல் ஸ்கிரீனுக்குப் பின்னால் ஒட்ட ஒரு தகடும் ஒரு பேனாவும் எடுத்துக் கொடுத்தார். அந்தப் பேனாவின் முனையைக் கண்ணாடிக்கு ஒரு அரிசி மணி உயரத்தில் தொடாமல் பிடித்தால், பழைய அம்புக்குறி எழுந்து வந்து நிற்கும், மஞ்சள் சீட்டு விரியும்; பேனா கண்ணாடியைத் தொட்டால்தான் விருப்பம் போகும். கை நடுங்காமல் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஊர் அதற்குப் 'பேனா நிறுத்துவது' என்று பெயர் வைத்தது.

பேனா வந்த மூன்றாம் நாள், ஒரு மாப்பிள்ளையின் அம்மா, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர், சௌதாமினி என்கிற பெண்ணின் படத்தின் மேல் பேனாவை நிறுத்தி மஞ்சள் சீட்டை இருபது நிமிடம் படித்தார். அந்த நேரம் பார்த்துச் சௌதாமினியின் அப்பாவும் மையத்தில் இருந்தார், அவருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது, பெண்ணுக்கு இருபது நிமிடமாக விக்கல் நிற்கவில்லை, தண்ணீர் கொடுத்தாயிற்று, சர்க்கரை கொடுத்தாயிற்று, பக்கத்து வீட்டு வெள்ளித் தம்ளரை நீதானே திருடினாய் என்று திடுக்கிட வைத்தும் பார்த்தாயிற்று என்றார்கள். கோகிலவாணிக்கு என்ன தோன்றியதோ, அந்த அம்மாவின் கையைப் பிடித்துப் பேனாவை நகர்த்தினாள், போனில் விக்கல் நின்றது. மறுபடி நிறுத்தினாள், போனில் விக்கல் வந்தது. யாரும் மூக்கில் விரல் வைக்கவில்லை. "முன்னெல்லாம் ஆராச்சும் நெனச்சா விக்கல் வரும்னு சொல்லுவாங்கல்ல, இப்ப மனுசன் பேனாவுல நெனைக்கறான், வேற ஒண்ணுமில்ல" என்று பொங்கியண்ணன் சொல்லிவிட்டு, அந்த அம்மாவிடம், "நீங்க சித்த வேகமாப் படிங்க, பாவம் புள்ள" என்றார்.

அதற்குப் பிறகு ஊர் விக்கலோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டது. மூன்று விக்கலோடு நின்றால் படத்தை மட்டும் பார்த்திருக்கிறார்கள், பத்து வரை போனால் வேலை வரைக்கும் படித்திருக்கிறார்கள், கால் மணி நேரம் தாண்டினால் ஜாதகத்தைக் கையால் எழுதி எடுக்கிறார்கள் என்று ஒரு கணிப்பு உண்டாயிற்று, கால் மணி தாண்டிய வீடுகளில் அன்று மாலை வீட்டைக் கழுவி விட்டு ரவை வறுத்து வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சருக்கு விக்கல் எடுத்தால் வகுப்பே சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியது, அந்த வருடம் எண்ணிக்கையில் எங்கள் பிள்ளைகளை அடிக்க ஆளில்லை. கல்யாணம் ஆகாத இளைய நாயனக்காரருக்கு முகூர்த்த நேரத்தில் தோடி வாசிக்கையில் விக்கல் பிடித்துக்கொள்ள, ராகம் துண்டு துண்டாக வந்து விழுந்தது, முன்வரிசைக்காரர்கள் அதைப் புதுப் பாணி என்று தலையை ஆட்டினார்கள், அடுத்த கல்யாணத்தில் விக்கல் இல்லாமல் வாசித்தபோது, முன்னைப் போல இல்லை என்று குறைப்பட்டார்கள். விக்கல் வராத வீட்டுப் பிள்ளைகள் விருந்தில் பொய் விக்கல் எடுத்தார்கள். பொய் விக்கலுக்குத் தோள் குலுங்கும், உண்மை விக்கலுக்கு வயிறு குலுங்கும் என்று சொல்லி அவர்களைக் கண்டுபிடிக்கும் கிழடுகளும் பந்திக்கு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரே ஒரு விபத்து நடந்தது. ஒருவர் ஒரு பெண்ணின் படத்தின் மேல் பேனா நிறுத்திக்கொண்டிருக்கையில், பொங்கியண்ணன் பக்கத்து ஊரில் புதிதாகத் திறந்திருந்த கிளையில் யாரோ அவர் படத்தின் மேல் பேனா நிறுத்த, அவருக்கு விக்கல் எடுத்துக் கை துள்ளிப் பேனா கண்ணாடியில் பட்டுவிட்டது, இன்றைக்கு அவர்களுக்கு இரட்டைக் குழந்தைகள். அன்றிலிருந்து கோகிலவாணி ஒரு அட்டையில் 'விக்கல் உள்ளவர்கள் பேனாவை எடுக்கக் கூடாது' என்று எழுதி ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள். அவளுக்கும் பல வருடமாகத் தினமும் காலை பத்தே முக்காலுக்கு ஒரே ஒரு விக்கல் வரும். ஆனால் படம் ஸ்கிரீனில் இல்லாதவளுக்கு யார் பேனா நிறுத்த முடியும், காலையில் அவசரமாக விழுங்குகிற உப்புமா செய்கிற வேலை அது என்று வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிடுவாள்.

இத்தனை விக்கலுக்கும் தண்ணீர் சுமந்தவன் அர்த்தநாரி. வீடு, கடை, மண்டபம் என்று இருபது லிட்டர் கேன் போடுகிறவன், மையத்துக்குப் பதினோரு மணிக்கு வருவான், கேனை இறக்கி வைத்துவிட்டு அரை நிமிடம் நின்று மூச்சு வாங்கிவிட்டுப் போவான். வயது முப்பத்தெட்டு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் பதிந்த அவன் படமும் ஸ்கிரீனில் இருந்தது, அதில் அவனுக்கு இப்போது இருப்பதைப் போல இரண்டு மடங்கு முடி இருந்தது. ஊரில் ஐம்பத்து நாலு வயது ஆளுக்குக்கூட விக்கல் வந்தது, அர்த்தநாரிக்கு ஒன்றுகூட வந்ததில்லை. அவன் அம்மா மயிலாத்தாள் தினமும் ராத்திரிச் சோறு போடும்போது, "இன்னைக்காச்சும் வந்துச்சா சாமி?" என்று கேட்பார், அவன் அம்மாவுக்காக "இக்" என்று ஒன்று எடுத்துக் காட்டுவான், அவன் தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி மயிலாத்தாள் ரசம் ஊற்றுவார். அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு விக்கல், கல்யாணம்கூட அப்புறம், இந்த ஊரில் யாரோ ஒருத்தி தன் படத்தின் மேல் ஒரு வினாடி நின்றாள் என்று வயிறு குலுங்கத் தெரிய வேண்டும், அது போதும்.

அந்த ஆடி மாதம் பொங்கியண்ணன் ஒரு முடிவு எடுத்தார். "ஆவணி மொகூர்த்தத்துக்குப் புதுசா நூத்திருவது படம் வருதம்மிணி, எடம் பத்தாது. இதுவரைக்கும் ஒருத்தருமே பேனா நிறுத்தாத படத்தையெல்லாம் கடைசி வெள்ளிக்குள்ள எடுத்துப்போடு" என்றார். யார் படத்தில் எத்தனை தடவை பேனா நின்றது என்று சாஃப்ட்வேர் எண்ணிவைத்திருந்தது. கோகிலவாணி எண்ணூறு படத்தையும் பார்த்தாள், சைபர் இருந்தது ஒரே ஒரு படத்துக்கு.

கடைசி வெள்ளி காலை பத்தரைக்குப் பொங்கியண்ணன், "படத்த எடுத்துரு, நான் கோயிலுக்குப் போயிட்டு வந்தர்றேன்" என்று கிளம்பினார். கோகிலவாணி தன் சோதனைக் கணக்கைத் திறந்தாள். இந்த மனுசன் ஒன்பது வருடமாக இந்த ஆபீஸுக்குத் தண்ணீர் சுமக்கிறான், இந்த ஆபீஸிலிருந்தே அவனைத் தூக்கிப் போடுவதா என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு வினாடி பேனா நிறுத்தினால் சைபர் ஒன்றாகிவிடும், படம் தங்கிவிடும், யாருக்கும் தெரியப் போவதில்லை. அட்டை ஞாபகம் வந்து கடிகாரத்தைப் பார்த்தாள், பத்தே முக்காலுக்கு இன்னும் நேரம் இருந்தது, பேனாவை எடுத்து அர்த்தநாரியின் மேல் நிறுத்தினாள்.

மஞ்சள் சீட்டு விரிந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவன் சொல்லச் சொல்ல அவளே தட்டச்சு செய்ததுதான், மறந்தே போயிருந்தது. 'எதிர்பார்ப்பு: ஒன்றும் இல்லை. கூடுதல் தகவல்: வீட்டில் தண்ணீர்ப் பஞ்சம் கிடையாது.' கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. மறுபடியும் படித்தாள், மறுபடியும் சிரிப்பு வந்தது. மூன்றாவது தடவை படித்தபோது சிரிப்பு வரவில்லை, இந்த எண்ணூறு பேரில் நிறம், உயரம், சொந்த வீடு, ஒரே பெண் என்று எதிர்பார்ப்பை இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தவர்கள்தான் எத்தனை பேர், பஜ்ஜியில் உப்பு கம்மி என்றவர்கள்தான் எத்தனை பேர் என்று நினைத்துக்கொண்டே நின்றாள், பேனாவும் நின்றது.

அங்கே கடைவீதியில் வண்டியில் சாவியைப் போடப் போன அர்த்தநாரிக்கு வயிறு ஒரு குலுங்கு குலுங்கியது. "இக்." அவன் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது. எதிரே பூக்கடைக்காரர் எழுந்து நின்றார், சலூனில் பாதி சவரத்தில் இருந்தவர் நுரையோடு வெளியே வந்தார், "டேய், அர்த்தநாரிக்கு வந்துருச்சுடா!" என்று கத்தினார், கடைவீதியே கூடிவிட்டது. யாரோ ஓடிப்போய் மயிலாத்தாளைக் கூட்டி வந்தார்கள், அவர் மகனின் தோளைப் பார்க்கவில்லை, நேரே வயிற்றைப் பார்த்தார், பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பத்து தாண்டியது, கால் மணி தாண்டியது, அரை மணியும் தாண்டியது. வண்டியில் பதினெட்டு கேன் இருந்தும் ஒரு வாய் தண்ணீர் அவனுக்குக் கொடுக்க மயிலாத்தாள் யாரையும் விடவில்லை. "ஒரு சொட்டு குடுத்தீங்கன்னா பாத்துக்கங்க! நின்னு போச்சுன்னா ஆரு பொறுப்பு?" என்றார். அர்த்தநாரி எல்லோரையும் கும்பிட்டுவிட்டு, "மையத்துக்குக் கேன், இக், போடோணுங்க" என்று கிளம்பினான், ஊர் அவன் பின்னாலேயே வந்து, மரியாதைக்கு மையத்தின் வாசலோடு நின்றுகொண்டது.

அவன் கேனோடு உள்ளே வந்தபோது மணி பதினொன்றே முக்கால். கோகிலவாணி வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றாள். பேனா முனைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு அரிசி மணி இடம். கண்ணாடியில் நிறைய முடியோடு அவன் இருந்தான்.

"ஏனுங்க, இக், அது என்ற படமுங்களா?"

கோகிலவாணி திரும்பவில்லை. "கணக்குக்குத்தானுங்க. ஒண்ணாச்சும் இருந்தாத்தான் படம் தங்கும், இல்லீன்னா எடுத்தறச் சொல்லீட்டாங்க."

"ஒண்ணு வந்து, இக், ஒரு மணி நேரத்துக்கு மேலாச்சுங்களே."

"எடுத்தர்றனுங்க" என்றாள், எடுக்கவில்லை.

"கை வலிச்சா எடுத்துருங்க" என்றான் அர்த்தநாரி, கேனைத் தோளிலிருந்து இறக்காமல். "எனக்கு, இக், ஒரு தொந்தரவும் இல்லீங்க."

சொல்லிவிட்டு அவள் முதுகைப் பார்த்தபடி நின்றான், என்ன நினைத்தானோ, அடுத்த விக்கல் அவனிடமிருந்து வரவில்லை. "இக்!" என்று கோகிலவாணி துள்ளினாள். தினமும் வருகிற மாதிரி சின்னது இல்லை, வயிற்றைப் பிடித்து உலுக்குகிற விக்கல். கை துள்ளியது, பேனா அரிசி மணி இடத்தைத் தாண்டிக் கண்ணாடியில் டக்கென்று பட்டது, அர்த்தநாரியின் சட்டைப் பையில் போன் பாடியது.

அவன் கேனை இறக்கி வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தான். 'கோகிலவாணி தங்கள் மீது விருப்பம் தெரிவித்துள்ளார்.'

"அது விக்கலுங்க! கை தவறிப் போச்சு" என்று திரும்பிய கோகிலவாணியின் முகம் சிவந்திருந்தது. "என்ற படமே இதுல இல்லீங்களே, ஆரு பேனா நிறுத்துனாங்க? எனக்கு எப்பிடி விக்கல் வரும்?"

அர்த்தநாரி கேனின் மூடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பேனா எதுக்குங்க? தெனமும் பத்தே முக்காலுக்கு வண்டியில சாவி போடறப்ப, இன்னைக்கு நீங்க என்ன சேலை கட்டியிருப்பீங்கன்னு ஒருக்கா நெனச்சுட்டுத்தான் போடுவனுங்க. இன்னைக்கு நீங்க பேனா நிறுத்தி வெச்சதுல, விக்கல்ல நெனைக்க முடியில. இப்பத்தான் நெனச்சேன்."

மௌஸும் பேனாவும் இல்லாத காலத்திலேயே விக்கல் இருந்தது என்பதை ஊரோடு சேர்ந்து தானும் மறந்துவிட்டதும், ஒன்பது வருடமாக உப்புமாவின் மேல் வீண்பழி போட்டதும் கோகிலவாணிக்கு ஒரே நேரத்தில் உறைத்தது. அர்த்தநாரி போனை அவள் பக்கம் நீட்டினான், அதில் 'ஏற்க', 'மறுக்க' என்று இரண்டு கட்டங்கள் இருந்தன.

"கை தவறுனதுன்னா சொல்லிப்போடுங்க, மறுத்தர்றேன். ஆருக்கும் சொல்ல மாட்டேன்."

கோகிலவாணி வலிக்கிற கையைத் தேய்த்துக்கொண்டாள். வாசலில் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"தொட்டது கை தவறித்தானுங்க" என்றாள். "நிறுத்துனது கை தவறி இல்லீங்க."

அர்த்தநாரி 'ஏற்க'வை அமுக்கினான். கீறல் விழுந்த போன், முதல் தடவை கேட்கவில்லை, இரண்டாவது தடவையும் கேட்கவில்லை, மூன்றாவது தடவை கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தான், அப்போதுதான் ஏற்றது. வாசலில் நின்ற மயிலாத்தாள் ஓடி வந்து, மகனுக்கு அதுவரை தராத தண்ணீரை அவன் கொண்டுவந்த கேனிலிருந்தே பிடித்து, முதல் தம்ளரைக் கோகிலவாணியிடம் நீட்டினார்.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நெற்றி நிறையத் திருநீற்றோடு பொங்கியண்ணன் உள்ளே வந்தார். யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒரு சுற்றுப் பார்த்தார், ஒன்றும் புரியவில்லை, ஸ்கிரீனைப் பார்த்தார்.

"என்னம்மிணி, சொன்னனே, அர்த்தநாரி படத்த இன்னமும் எடுக்கலியா?"

கோகிலவாணி தண்ணீரைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"எடுத்தறலாங்ணா. இனி இவருக்கு வேற ஆரும் பேனா நிறுத்த வேண்டாம்."